மெற்றில்டா (இத்தாலி)

சென்ற ஒக்ரோபர் மாதம் பலெர்மோ நகரில் இருந்தவர்கள் இவர்கள்: அமிர்தநாதராகிய நான். என் மனைவி ஜோசப்பின். எங்கள் மகன் லெஸ்லி. அவனுடைய மகள் ஸ்டெபனி. என் தங்கை மெற்றில்டா. ஐந்து பேர். ஒருவரையும் விடவில்லை. ஒருமுறை ஒரு பெயரை விட்டவன் என்பதால் இதை முதலிலேயே எழுதி வைக்கிறேன்.

எங்கள் கல்யாணத்தின் ஐம்பதாவது வருடத்துக்கு நாலு நாள் எங்காவது கூட்டிப்போவதாக லெஸ்லி சொன்னான். ரொறன்ரோ மில்லிக்கனில் அவனுடைய வீட்டுக் குசினியில் இந்தப் பேச்சு நடந்தது. ரோமுக்குப் போகலாம், பாப்பரசரைத் தூரத்தில் நின்றாவது பார்க்கலாம் என்பது அவனுடைய எண்ணம்.

"ரோமுக்கு எல்லாரும் போகினம். பலெர்மோவுக்குப் போவம்" என்றேன்.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஜோசப்பின் தண்ணீரை நிறுத்தினாள். ஏன் என்று கேட்கவில்லை.

"பலெர்மோவிலை என்னப்பா இருக்கு?"

"இரண்டாயிரத்து எழுநூறு வருசத்துப் பழைய ஊர். பினீசியர் கட்டினது. பிறகு ரோமர், அரபிகள், நோர்மானியர், எல்லாரும் ஆண்டவை. நான் சரித்திரம் படிப்பிச்சவன், நினைவிருக்கட்டும்."

"சரி சேர்" என்றான் லெஸ்லி.

நான் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அந்த நகரத்தில் என் தங்கை முப்பத்திரண்டு வருடமாக இருக்கிறாள் என்பதை நான் சொல்லவில்லை.

தங்கை சிறுபிள்ளையாக இருக்கும்போதே எங்கள் தகப்பனார் யாழ்ப்பாணத்து இளவாலையில் காலமானார். மெற்றில்டா எனக்குப் பதினான்கு வயது இளையவள். அவளுக்கு முதல் நன்மை உடுப்பு எடுத்தவன் நான், பள்ளிக்கூடத்தில் சேர்த்தவன் நான், கல்யாணம் பேசியவனும் நான். தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு ரொறன்ரோவில் நல்ல குடும்பத்தில் மாப்பிள்ளை பார்த்து, கார்ட் அடித்து, பார்க்டேல் கோவிலில் கல்யாண அறிவித்தல் ஓலையும் வாசித்தாயிற்று. அவள் வந்து இறங்க வேண்டியதுதான் பாக்கி. வழியில் இத்தாலியில், கனடாவுக்கு அனுப்புவதாகக் காசு வாங்கிய ஏஜென்சிக்காரன் விட்டுவிட்டுப் போக, எட்டு மாதம் பலெர்மோவில் தங்கினாள். அங்கே ஒரு வீட்டில் சமையல் வேலை செய்த சவரிமுத்து என்பவரைக் கட்டிக்கொண்டாள். ஊரில் எங்கள் வீட்டு வாசல் படலைக்கு வெளியே நின்று கதைத்துவிட்டுப் போகிற குடும்பத்து மனிதர். மாப்பிள்ளை வீட்டாரின் அப்பார்ட்மென்டுக்கு நான் தனியாகப் போய், நின்றபடியே செய்தியைச் சொல்லிவிட்டு வந்தேன். அந்த வீட்டில் ஒருவரும் என்னை இருக்கச் சொல்லவில்லை.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு கார்த்திகையில் அம்மா என்னுடைய வீட்டில் மோசம் போனார். எங்கள் ஆட்களுக்கு மரண அறிவித்தல் என்பது ஒரு பெரிய காரியம். பிள்ளைகள், மருமக்கள், சகோதரர், மைத்துனர் என்று ஒவ்வொரு பெயரும், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் நாடும் வரவேண்டும். வாசிக்கிறவர்கள் இறந்தவரின் படத்தைப் பார்ப்பதற்கு முன், யாருடைய பெயர் இல்லை என்று பார்ப்பார்கள். நான் எழுதிக் கொடுத்தேன்: அமிர்தநாதர் (கனடா), கஸ்பர் (லண்டன்) ஆகியோரின் பாசமிகு தாயார். அவ்வளவுதான்.

அடக்கம் முடிந்த அன்று பின்னேரம் தொலைபேசி வந்தது.

"அண்ணை, நான் அம்மா பெத்த பிள்ளை இல்லையோ?"

நான் ரிசீவரை வைத்துவிட்டேன். பிறகு அவள் அழைக்கவே இல்லை.

மூன்று வருடத்துக்கு முன் சவரிமுத்து காலமானார். அறிவித்தல் இணையத்தில் வந்தது. தம்பி கஸ்பர் லண்டனிலிருந்து அனுப்பியிருந்தான். மைத்துனர்கள் வரிசையில் முதல் பெயர்: அமிர்தநாதர் (கனடா). அடுத்த மூன்று நாளும் எனக்குத் துக்கம் விசாரித்துத் தொலைபேசி வந்தது. "மச்சான் மோசம் போனாராம், கவலையாக் கிடக்கு" என்றார்கள். நான் ஒருநாளும் மச்சான் என்று கூப்பிடாத மனிதருக்காக எல்லாருக்கும் நன்றி சொன்னேன். அவள் என் பெயரை விடவில்லை. அந்த நாளிலிருந்து அந்த ஊரின் பெயர் எனக்குள் கிடந்தது.

பலெர்மோவில் முதல் நாள் நோர்மானிய அரண்மனைக்குள் இருக்கும் சிற்றாலயத்தைப் பார்த்தோம். சுவரெல்லாம் பொன் பதித்த சிறு கற்களால் ஆன படங்கள். கூரை அரபித் தச்சர்கள் செய்த மரவேலை. நான் ஸ்டெபனிக்கு யார் எந்த நூற்றாண்டு என்று விளக்கினேன். அவள் அரைவாசியைக் கேட்டாள். வெளியே ஒடுங்கிய தெருவொன்றில் மாடியிலிருந்து ஒரு கிழவி கயிற்றில் கூடையை இறக்க, கீழே பாண்காரன் பாண் ரொட்டியை வைத்தான், கூடை மேலே போயிற்று. "அப்பப்பா, லுக்! எலிவேற்றர்!" என்று ஸ்டெபனி அதைப் படம் பிடித்தாள். நான் தலையைத் தூக்கித் தூக்கி ஒவ்வொரு மாடியையும் பார்த்துக்கொண்டு நடந்தேன். கட்டடக் கலையைப் பார்க்கிறேன் என்று லெஸ்லி நினைத்தான்.

அடுத்த நாள் பல்லறோ சந்தைக்குப் போனோம். மீன்காரர்கள் பாட்டுப் போலக் கூவுகிறார்கள். ஒரு மூலையில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் விற்கும் எங்கள் ஆளின் கடை. ஜோசப்பின் நேராக அங்கே போய் நின்றாள்.

"ஐயா எவடம்?" என்றான் கடைக்காரன்.

"கனடா."

"அது உங்கடை ஜக்கற்றிலை தெரியுது. ஊரிலை எவடம்?"

"இளவாலை."

அவன் கத்தரிக்காயைத் தராசில் அப்படியே விட்டுவிட்டு நிமிர்ந்தான். "இஞ்சை உங்கடை ஆக்கள் ஆரும் இருக்கினமோ?"

"ஒருத்தரும் இல்லை."

"அப்ப சரி. ஆனா ஐயா, உந்த மூக்கு எங்கடை மெற்றி அக்கான்ரை மூக்கு. அவவிட்டை இரவல் வாங்கின மாதிரிக் கிடக்கு."

"ஹூ இஸ் மெற்றி?" என்றாள் ஸ்டெபனி.

தங்கியிருந்த அறைக்குத் திரும்பிய பிறகு ஜோசப்பின் சொன்னாள். "உன்ரை அப்பப்பாவின்ரை தங்கச்சி."

"வெயிட். அப்பப்பாக்கு ஒரு சிஸ்ரர் இருக்கிறாவா? இந்த சிற்றியிலையா? நாங்கள் ரெண்டு நாளா சேர்ச் பாக்கிறம்!"

லெஸ்லியை எட்டு வயது வரை தூக்கி வளர்த்தவள் அவள். இவ்வளவு காலமும் அவன் என்னிடம் கேட்காமல் இருந்தது எனக்குப் பயந்து என்று நினைத்திருந்தேன். அன்று அவன் முகத்தைப் பார்த்தபோது, எனக்காகப் பொறுத்திருந்தான் என்று பட்டது.

சனிக்கிழமை ஜோசப்பின் கறிவேப்பிலை வேண்டும் என்றாள். நாங்கள் தங்கியிருந்த இடத்தில் சமைக்கவே இல்லை. ஆனாலும் நான் கூடப் போனேன்.

கடைக்காரன் என்னைப் பார்க்காமல் ஜோசப்பினிடம் சொன்னான். "அன்ரி, மெற்றி அக்கா சொல்லிவிட்டவ. நாளைக்கு மத்தியானச் சாப்பாடு அங்கையாம். சந்தைக்குப் பின்தெரு, நீலப் பல்கணி, மூண்டாம் மாடி. கீழ்க்கதவு திறந்து கிடக்குமாம். தான் மட்டும் இறங்கி வரமாட்டாவாம்." பிறகு என் பக்கம் திரும்பினான். "ஐயா கோவிக்கக் கூடாது, சொன்னதைத்தான் சொல்லுறன். 'ரெலிபோன் எடுத்தது நான், வைச்சது அவர். இனி அவர்தான் வரவேணும்' எண்டவ."

அது நியாயமான பேச்சு. அவள் இறங்கி வந்திருந்தால் எனக்கு அவள்மேல் உள்ள மதிப்புக் குறைந்திருக்கும்.

ஞாயிறு விடியவே நகரத்துக்கு மேலே இருக்கும் மலைக்குப் போனோம். புனித ரொசாலியாவின் குகைக் கோவில் அங்கே. கல் பாவிய பாதையில் எங்கள் ஆட்கள் வெறுங்காலோடு ஏறுகிறார்கள். சிலுவை அணிந்த வேதக்காரரும் ஏறுகிறார்கள், திருநீறு பூசியவர்களும் ஏறுகிறார்கள். மெற்றில்டா ஒவ்வொரு ஞாயிறும் ஏறுகிறவள் என்று கடைக்காரன் சொல்லியிருந்தான். நான் சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். எழுபத்தாறு வயதில் இரண்டு மணித்தியாலம் எடுத்தது. ஏறுகிற ஒவ்வொரு பெண்ணின் பின்தலையையும் பார்த்தேன். அவள் அன்று வரவில்லை. எங்களுக்குச் சமைத்துக்கொண்டிருந்தாள்.

குகையில் பாறையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. அதைத் தகரப் பீலிகளில் ஏந்தி ஓரமாக விடுகிறார்கள். நான் முழங்காலில் நின்று, மூன்றாம் மாடிக்குப் போனதும் சொல்ல வேண்டிய முதல் சொல்லைக் கேட்டு மன்றாடினேன். வேறொன்றும் கேட்கவில்லை.

மத்தியானம் கடைக்காரன் சொன்ன தெருவுக்கு வந்தோம். திறந்த கதவு அசையாமல் இருக்க ஒரு ஒலிவ எண்ணெய்த் தகரம் முட்டுக் கொடுத்திருந்தது. உள்ளே தேய்ந்த கற்படிகள் தெரிந்தன.

"நீங்கள் போங்கோ. எனக்கு முழங்கால் ஏலாது" என்றேன்.

"விடிய மலையேறின முழங்கால்" என்றாள் ஜோசப்பின். பிறகு மற்ற இருவரையும் கூட்டிக்கொண்டு ஏறினாள்.

நான் தெருவின் எதிர்ப்பக்கத்தில் நின்றேன். சற்று நேரத்தில் திறந்த பல்கணியால் குரல் கேட்டது.

"எட லெஸ்லி! உன்ரை தலைமயிரெல்லாம் எங்கையடா?"

"கனடாக் குளிருக்குக் கொட்டுண்டிட்டுது மாமி."

"பொய் சொல்லாதை. அது உன்ரை அப்பரின்ரை வழி. அவருக்கும் முப்பதிலையே நெத்தி ஏறத் தொடங்கினது. இது ஆர், உன்ரை மகளோ? மூக்கைப் பார், பாவம் பிள்ளை!"

பிறகு அவள் சிரித்தாள். அது அம்மாவின் சிரிப்பு. அம்மாவோடு அடக்கம் செய்துவிட்டோம் என்று நான் நினைத்திருந்த சிரிப்பு, இருபத்தொரு வருடமாக இந்தத் தெருவில்தான் இருந்திருக்கிறது. என் கால்கள் வாசல் வரை போயின. முதற்படியில் ஒரு காலை வைத்தேன். மலையில் கேட்ட சொல் வரவில்லை. மன்னிப்பு என்று தொடங்குவதா, அம்மாவைப் பற்றித் தொடங்குவதா, சவரிமுத்துவின் சாவுக்கு அனுதாபம் சொல்வதா? ஒன்றும் தெரியாமல் மேலே போய் அவள் முன் ஊமையாக நிற்க என்னால் முடியவில்லை. காலை எடுத்துக்கொண்டு பழைய இடத்துக்கு வந்தேன். பூசை முடிந்து திரும்பிக்கொண்டிருந்த எங்கள் ஆட்கள் சிலர் என்னைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு அவள் பல்கணிக்கு வந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. கம்பியில் கையை ஊன்றிக் கீழே பார்த்தாள். நான் மேலே பார்த்தேன். அவள் உள்ளே போனாள். திரும்பி வந்து கயிற்றில் ஒரு கூடையை இறக்கினாள். அது சுவரில் முட்டாமல், ஆடாமல், என் நெஞ்சளவில் வந்து நின்றது. துணியில் சுற்றிய கிளாஸில் வெறும் தேநீர். பக்கத்தில் ஒரு துண்டுப் பனங்கட்டி. நான் பால் விடுவதில்லை என்பதை அவள் மறக்கவில்லை.

தேநீர் கொதிக்கக் கொதிக்க இருந்தது. ஆறவைக்காமல், ஆனால் மெதுவாகக் குடித்தேன். குடித்து முடிக்கும்வரை அவள் கயிற்றைப் பிடித்தபடி நின்றாள். துணியை நாலாக மடித்து, கிளாஸைக் கூடையில் வைத்தேன். கூடை மேலே போயிற்று.

"அண்ணை, இன்னும் வேணுமோ?"

"காணும், போதும்."

முப்பத்திரண்டு வருடத்தில் நாங்கள் நேரே பேசியது அவ்வளவுதான். அடுத்த நாள் காலை விமானம்.

ரொறன்ரோவுக்கு வந்ததும் அம்மாவின் இருபத்தோராம் ஆண்டு நினைவஞ்சலியை எழுதி அனுப்பினேன். பத்திரிகை அலுவலகத்திலிருந்து ஒரு பிள்ளை அழைத்தது.

"அங்கிள், போன வருசம் ரெண்டு பேர்தான் இருந்தவை. இந்த முறை மெற்றில்டா எண்டு மூண்டாவது பெயர் ஒண்டு கிடக்கு. பிழையா வந்திட்டுதோ?"

"பிழை போன வருசம் வரைக்கும் வந்தது பிள்ளை. இது சரி."

நினைவஞ்சலி வெளிவந்த கிழமை, ஸ்ரீல்ஸ் வீதி பிளாசாவில் கோப்பிக் கடையில் விநாயகமூர்த்தி எனக்கு எதிரே வந்து இருந்தார். நான் கனடா வந்து செய்த தபால் பிரிக்கும் வேலையில் என்னோடு இருந்தவர், இப்போது பக்கத்து நகரமான அஜக்ஸில் மகளோடு இருக்கிறார்.

"அண்ணை, ஒண்டு கேட்டாக் கோவிக்கக் கூடாது."

"கோவிப்பன். கேளும்."

"உங்கடை தங்கச்சி அங்கை உங்களைப் படியேற விடேல்லையாம். கதவை முகத்திலை அடிச்சுச் சாத்திப்போட்டு, பிச்சைக்காரனுக்குப் போடுற மாதிரிக் கூடையிலை தேத்தண்ணி இறக்கினவவாம். அஜக்ஸ் முழுக்க இதுதான் கதை. அப்பிடிச் செய்தும் நீங்கள் அவவின்ரை பெயரைப் போட்டிருக்கிறியள். பெரிய மனுசன் எண்டு எல்லாரும் உங்களைத்தான் மெச்சுகினம்."

"எல்லாரும் எண்டால் ஆர்?"

"எல்லாரும்தான் அண்ணை. என்ரை மகளும் சொன்னவள்."

அவரிடம் அங்கேயே சொன்னேன். அவர் அஜக்ஸில் போய் எப்படிச் சொல்வார் என்பதில் நம்பிக்கை இல்லாததால் எழுதியும் வைக்கிறேன். அந்தக் கதை பொய். மெற்றில்டா கதவைச் சாத்தவில்லை. நாங்கள் அந்தத் தெருவுக்கு வந்த நேரத்திலிருந்து திரும்பிய நேரம்வரை கதவு திறந்தே இருந்தது. ஏறாதவன் நான்.