இருபத்து மூன்று லட்சம் புத்தகங்களும் ஓர் அண்ணியும்

நூலகத்தில் எல்லோருக்கும் அவள் அண்ணிதான். புரோகிராமராக வேலைக்குச் சேர்ந்தவளை, புத்தகப் பட்டியல் போடும் பிரிவில் இருந்த அவள் நாத்தனார் முதல் நாளே வாய் நிறைய "அண்ணி" என்று அழைத்துத் தொலைத்தாள். ஓய்வுபெற இரண்டே வருடம் இருக்கும் தலைமை நூலகர்கூட இப்போது, "அண்ணி, சர்வர் ஓடுதா?" என்றுதான் கேட்கிறார்.

அந்த வாரம் பெரிய வேலை ஒன்று வந்தது. இருபத்து மூன்று லட்சம் புத்தகங்களின் விவரங்களை, தொடங்கும் குறிக்கும் முடிக்கும் குறிக்கும் நடுவே வைக்கும் எக்ஸ்எம்எல் வடிவில் ஒரே கோப்பாக எழுதி, வெளியூர் நூலகம் ஒன்றுக்கு அனுப்ப வேண்டும். அண்ணி அதற்கான நிரலை ஜாவாவில் மளமளவென்று எழுதினாள். எல்லாப் புத்தகங்களையும் நினைவகத்தில் சேர்த்துக்கொண்டு, பிறகு மொத்தமாகக் கோப்பில் கொட்டுவது என்பது அவள் கணக்கு. ஆயிரம் புத்தகங்களுக்கு அது கண்மூடித் திறப்பதற்குள் முடிந்தது. முழுவதையும் கொடுத்தபோது ஒன்பது லட்சத்தில் நினைவகம் நிரம்பி, மூச்சுத் திணறிப் படுத்துவிட்டது. கோப்பில் ஒரு வரிகூட இல்லை.

நினைவகத்தைக் கூட்டினாள். பதினோரு லட்சத்தில் படுத்தது.

"இன்னும் கொஞ்சம் மெமரி இருந்தா போதும்," என்றாள்.

நாத்தனார் நாற்காலியைத் திருப்பினாள். "எனக்கு ஜாவா எல்லாம் தெரியாது அண்ணி. முதல் புத்தகம்தான் கைக்கு வந்தாச்சே, அதை ஏன் எழுதாம வெச்சிருக்கீங்க?"

"கடைசிப் புத்தகம் வரணும்ல."

"வந்து? ரெண்டுக்கும் கல்யாணமா பண்ணப்போறீங்க?"

அண்ணிக்குச் சுருக்கென்றது.

மதியத்துக்குள் மாற்றி எழுதினாள். ஒரு புத்தகத்தை எடுப்பது, எழுதுவது, கையை உதறிவிட்டு அடுத்ததை எடுப்பது. நாற்பது நிமிடத்தில் இருபத்து மூன்று லட்சமும் இறங்கிவிட்டன. நினைவகம் அசையக்கூட இல்லை. கோப்பை அனுப்பிவிட்டு, நாத்தனார் பக்கம் பார்க்காமலே வீட்டுக்குக் கிளம்பினாள்.

மறுநாள் காலை வெளியூர் நூலகத்திலிருந்து போன் வந்தது. "மேடம், கோப்பு பாதியில நிக்குதுன்னு எங்க சிஸ்டம் திருப்பிடுச்சு. கடைசியில முடிக்கிற குறியே இல்லை."

மொத்தமாக எழுதியிருந்தால் அந்தக் குறி தானாக விழுந்திருக்கும். ஒவ்வொன்றாக எழுதும்போது அவளே போட வேண்டும், விட்டுவிட்டாள்.

"கதவைத் திறந்தவங்க சாத்த வேணாமா அண்ணி?" நாத்தனாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

ஒரு வரி சேர்த்து மறுபடி அனுப்பினாள். சாயங்காலம் மீண்டும் போன்.

"ஏத்துக்கிச்சு மேடம். ஆனா ஒரே தையல் புத்தகம் நாற்பத்தாறு தடவை பதிவாகியிருக்கு. பட்டியல் போட்டது யாரு?"

அண்ணி போனை நாத்தனாரிடம் நீட்டினாள்.

"உனக்குத்தான்டி."