டூரினிலிருந்து இரண்டரை மணி நேரம்

இத்தாலியில் இருக்கிற டூரினிலிருந்து எங்கள் ஊர் யாஷிக்கு விமானத்தில் இரண்டரை மணி நேரம். என் மகள் ரோடிகா வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்த கணக்கு இது. "கூப்பிட்ட உடனே வந்துருவேன்ப்பா, பக்கத்து ஊரு மாதிரிதான்." நான் நம்பியதில்லை. முன்பெல்லாம் அவள் பஸ்ஸில் வந்துபோனாள். இரண்டு நாள் உட்கார்ந்து, கால் வீங்கி வந்து இறங்குவாள். தூரம் தெரிந்ததால், ஆள் முடியாமல் கிடக்கிறது என்று சொன்னால் அன்றைக்கே பையைத் தூக்குவாள். விமானம் வந்த பிறகு, பக்கம்தானே என்று எல்லாவற்றையும் நாளைக்குத் தள்ள ஆரம்பித்தாள்.

என் மனைவி சவேத்தாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியதும் பக்கத்து வீட்டு அக்லாயா போன் போட்டாள். ரோடிகா அங்கே ஓர் இத்தாலியக் கிழவியைப் பார்த்துக்கொள்கிறாள். மாற்று ஆள் வந்துவிடட்டும், நாளைக் காலை விமானத்தில் வருகிறேன் என்றாள்.

எங்கள் பக்கம் உயிர் பிரியும்போது கையில் எரிகிற மெழுகுவத்தி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் போகிறவர் இருட்டிலேயே போகவேண்டியதுதான். அதை மகள்தான் பிடிக்க வேண்டும் என்று சவேத்தா சொல்லியிருந்தாள். வேறெதுவும் கேட்கவில்லை.

மறுநாள் ஒரே மூடுபனி. வேலிகூடத் தெரியவில்லை. தலைக்கு மேல் விமானச் சத்தம் சுற்றிச் சுற்றி வந்தது.

"கோஸ்தாக்கே அண்ணே, அவதான்! வந்துட்டா!" அக்லாயா என்னிடம் சொல்லிவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"வந்தா எறங்கணும். மேல சுத்துறதுக்குப் பேரு வர்றதா?"

சத்தம் தேய்ந்து தூரமாகப் போனது. பிறகு ரோடிகா போனில் அழுதாள். பனியில் இறக்க முடியாமல் தூரத்துச் சுச்சாவா விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டார்களாம். கார் பிடித்து வருகிறாளாம்.

சவேத்தாவின் மூக்கு நுனி சில்லிட்டுவிட்டது. கண் தெரியவில்லை. "ரோடிகா எங்க?" என்றாள்.

நான் அக்லாயாவுக்குக் கண் காட்டினேன். அவள் மெழுகுவத்தியைக் கொளுத்தி, சவேத்தாவின் கையில் கொடுத்து, மேலே தன் கையை வைத்துப் பொத்தினாள். வாயைத் திறக்கவில்லை.

சவேத்தா அந்த விரல்களைத் தடவிப் பார்த்தாள்.

"அடியே அக்லாயா, கை முழுக்கப் பூண்டு நாத்தம். என் மகளாட்டம் நடிக்க வந்துட்டியா?"

அக்லாயா தலைத்துணியின் முனையை வாயில் அடைத்துக்கொண்டு நகர்ந்தாள்.

"கிழவா, நீ பிடி. இனி அவளுக்காகக் காக்க முடியாது."

பிடித்தேன். உருகிய மெழுகு என் விரல்மேல் வழிந்து காய்ந்தது. கொஞ்ச நேரத்தில் அவள் கை கனத்துவிட்டது.

குளிப்பாட்டி மேஜையில் கிடத்திய பிறகுதான் ரோடிகா வந்தாள். சக்கரப் பெட்டியோடு வாசற்படியிலேயே நின்றாள்.

"யாரு பிடிச்சா?"

"நான்தான்."

"வீட்டுக்கு மேலயே இருந்தேனேப்பா. கூரைக்கு மேலயே. கொஞ்சம் பொறுத்திருக்கலாம்ல?"

"நேத்துலேருந்து பொறுத்தாடி."

அவள் உள்ளே வரவும் இல்லை, வெளியே போகவும் இல்லை. துக்கம் கேட்க ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வழியில் நின்ற பெட்டியை நான் ஓரமாகத் தள்ளி வைத்தேன்.