லோடு இல்லாத சத்தம்

புயல் அடித்து ஆறாம் நாள். கூரையில் பாதி போய், நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தோம். கரண்ட் வர மூன்று வாரம் ஆகும் என்று ரேடியோவில் சொன்னார்கள். எங்கள் முற்றத்தில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

ஓடியது, அவ்வளவுதான். வெள்ளத்தில் நனைந்ததில் எஞ்சின் பிழைத்தது. மின்சாரம் தரும் பாகம் போய்விட்டது. ஒரு பல்புகூட எரியாது. தெருவுக்கு அது தெரிய வேண்டியதில்லை. எங்கள் வெரெட் வீடு இருட்டில் கிடக்கிறது என்று எதிர்வீட்டு லிரெட் குடும்பத்தார் பேசிவிடக் கூடாது.

பதினோரு வருடத்துக்கு முன், பாதிரியார் படகுகளை ஆசீர்வதித்த நாளில், ஊர் நடுவே எதிர்வீட்டு நோலன் லிரெட்டின் அப்பா என் தம்பியை, நண்டு பிடிக்கும் கூடுகளைத் திருடுகிறவன் என்றார். அடுத்தவன் கூட்டைத் தூக்கியவன் என்ற பெயர் எங்கள் கரையில் செத்தாலும் போகாது. அன்றிலிருந்து அந்த வீட்டு உப்புக்கல்கூட எங்கள் படியேறியதில்லை.

உள்ளே என் மனைவி எலோடி கடைசி ஆக்சிஜன் சிலிண்டரில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். கரண்டில் ஓடும் ஆக்சிஜன் மெஷின் கட்டிலருகே சும்மா கிடந்தது. சிலிண்டரின் முள் சிவப்பைத் தொட்டிருந்தது.

"யாருக்காக அந்த எஞ்சினை உறும விடுற, அல்சீட்?" ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்று மூச்சு வாங்கினாள். "எனக்குக் காத்துதான் வேணும்."

"டவுன்லேர்ந்து சிலிண்டர் வந்துடும்."

"எப்போ? என் அடக்கப் பூசைக்கா?"

நண்பகலில் வாசல் கேட்டருகே நோலன் வந்து நின்றான். படகு எஞ்சின் பழுது பார்ப்பவன். தோளில் ஆரஞ்சு நிற ஒயர்ச் சுருள்.

"மிஸ்டர் வெரெட், உங்க ஜெனரேட்டர்ல என்னென்ன ஓடுது?"

"ஃபிரிட்ஜ், மெஷின், எல்லாம்."

"ஃபிரிட்ஜ் ஓடுனா எஞ்சின் அப்பப்ப முக்கும். இது ரெண்டு நாளா ஒரே மாதிரி பாடுது. லோடே இல்ல, அது எதையும் இழுக்கல. எங்கிட்டயே இந்தக் கதையா?"

முகம் எரிந்தது. "ரெண்டு நாளாத் தெரியும்னா ஏன் வாயத் திறக்கல?"

"நீங்களே வந்து கேக்கட்டும்னு இருந்தேன். எனக்கும் வீம்பு உண்டு. காலைல பெட்ரோல் ஊத்த எஞ்சினை நிறுத்துனீங்களே, அப்ப மிஸ் எலோடி இருமுனது எங்க அடுப்படி வரைக்கும் கேட்டுச்சு."

"என் தம்பி திருடன் இல்ல."

"அது எங்கப்பா சொன்னது. அவரு போய்ச் சேந்துட்டாரு. ஒயர் என்னோடது."

அவன் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் அவனை உள்ளே கூப்பிடவில்லை. "குடு" என்றேன்.

ஒரு முனையை அவன் தன் வீட்டு ஜெனரேட்டரில் செருகினான். மறுமுனையை நானே தெருவின் குறுக்கே இழுத்துவந்தேன். வாசல்களில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். செருகியதும் ஆக்சிஜன் மெஷின் இருமிக்கொண்டு கிளம்பியது. எலோடி குழாயை மூக்கில் வைத்துக் கண்ணை மூடினாள். அவள் உதட்டு நீலம் குறையக் கால் மணி நேரம் ஆயிற்று. அதுவரை நான் உட்காரவில்லை.

பிறகு முற்றத்துக்குப் போனேன். சுவிட்சில் கை சற்றே நின்றது. நிறுத்தினால் அந்த அமைதி தெரு முழுக்கக் கேட்கும்.

நிறுத்தினேன்.

டாங்கில் மிச்சமிருந்த பெட்ரோலைக் கேனில் வடித்து, லிரெட் வீட்டுப் படியில் கொண்டுபோய் வைத்தேன். கதவைத் தட்டவில்லை.