ஒளியை மறித்தவள்

மூலக்கூறு ஒன்று துடிப்பதைக் கண்டுவிட்டதாகக் கொட்டாஞ்சேனை லவினா நம்பியிருந்தாள். லேசர் அறையில் முதல் ஒளித்துடிப்பு மூலக்கூறை அடிக்கும்; கண்ணிமைப்பில் கோடி கோடியில் ஒரு பங்கு கழித்து வரும் இரண்டாவது, அடிபட்டது என்ன செய்கிறது என்று பார்க்கும். திரையில் அழகான அலை எழுந்தது. அதை நம்பித்தான் பேராசிரியர் ஸவாஹிர் அவளை மேற்படிப்புக்கு ஜெர்மனிக்கு அனுப்புவதாக இருந்தார்.

கருத்தரங்கில் அவள் பேசி முடித்ததும், ஆய்வுகூடத்தில் அவளுக்கு மூத்தவனான ஹியூபேட் எழுந்தான்.

"தங்கச்சி, மூலக்கூறைப் போடாமல் வெறும் கரைப்பானை வச்சு அளந்து பாத்தனீங்களோ?"

"இல்லை அண்ணா..."

"நான் போன கிழமையே பாத்தனான்." தன் படத்தைத் திரையில் போட்டான். மூலக்கூறே இல்லாமல் அதே அலை, நெளிவு பிசகவில்லை. "நீங்க படம் பிடிச்சது ஆளை இல்லை. ஆள் இருக்காத வெறுங் கதிரையை!"

மண்டபம் சிரித்தது. அந்தக் கிழமை முழுவதும் அவளுடைய ஒத்திகைக்கு எதிரே இருந்து தலையாட்டியவன் அவன்தான்.

"பிழை வாறதுதான். திருத்திக் கொண்டாங்க மகள், பாப்பம்," என்றார் ஸவாஹிர். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அவள் மறுநாளும் வேலைக்குப் போனாள்.

லேசர் அறையில் ஹியூபேட் பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, விழுந்த திருகாணியை எடுக்க மேசைமேல் குனிந்தான். சட்டைக்குள்ளிருந்து அந்தோனியார் பதக்கம் நழுவி ஒளிப்பாதையை நோக்கி ஆடியது. அதில் பட்டு ஒளி தெறித்தால் அவன் கண் போய்விடும். கூப்பிட்டுச் சொல்ல நேரமில்லை. லவினா பாய்ந்து ஒளியை அடைக்கும் மறிப்புத் தகட்டை இறக்கினாள். காலையிலிருந்து ஓடிய அவனுடைய அளவீடு அறுந்தது.

"விசரே உனக்கு?"

"அண்ணா, உங்கட பதக்கம்..."

அவன் தன் நெஞ்சைக் குனிந்து பார்த்தான். விளங்கிக்கொண்டான். பதக்கத்தை உள்ளே தள்ளிவிட்டு நேரே பேராசிரியரிடம் போனான். அவளும் பின்னால் ஓடினாள்.

"எரிச்சலிலை என்ட அளவீட்டைக் கெடுத்துப்போட்டாள், சேர்."

"ஒளிய மறிச்சது நீங்களா, மகள்?"

"ஓம் சேர். ஆனா அண்ணாட பதக்கம்..."

"என்ன பதக்கம்?" ஹியூபேட் சட்டையின் மேல் பொத்தானைப் பூட்டினான்.

"லேசர் அறைச் சாவியத் தந்திட்டுப் போங்க," என்றார் ஸவாஹிர். "ஜெர்மனிக் கதையை இனி எடுக்க வேணாம்."

லவினா சாவியை வைத்தாள். ஹியூபேட்டின் கண்கள் இரண்டும் நல்ல சுகமாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவற்றைக் காத்ததற்காக வருந்த முயன்றாள். ஆண்டவர் அவளுக்கு அந்த மனத்தைக் கொடுக்கவில்லை.