செலே ஆற்றோரம் உழக்கியது யார்

என் கணவர் ஸ்ரீகாந்தனின் முப்பத்தோராம் நாள் சடங்குக்கு நாங்கள் அச்சடித்துக் கொடுத்த கல்வெட்டு என்ற நினைவு மலரில், வாழ்க்கைக் குறிப்பின் கடைசி வரி இது: "தமது அறுபத்தோராவது அகவையில் அன்புத் துணைவியுடன் பிரான்ஸ் நாட்டின் ஆற்றுப் பள்ளத்தாக்கைத் துவிச்சக்கரவண்டியில் கண்டு களித்தார்." எழுதியது நான்தான். பக்கத்தில் கொஞ்சம் இடம் மிஞ்சுகிறது என்று அச்சகத்தில் சொன்னார்கள். அந்த வரியில் பொய் இல்லை. அவர் கண்டார், களித்தார். துணைவி கண்டது அவருடைய முதுகை.

அது இரண்டு பேர் முன்னும் பின்னுமாக இருந்து ஓடும் சைக்கிள். டாண்டம் என்பார்கள். முன்னால் இருப்பவரிடம் ஹாண்டில், பிரேக், கியர், வழி எல்லாம் இருக்கும். பின்னால் இருப்பவருக்குப் பெடல் மட்டும். நாங்கள் குடியேறிய நார்த்மீட்டிலிருந்து சனிக்கிழமைகளில் புறப்படும் சைக்கிள் குழு ஒன்றில் அவர் இருந்தார். குழுவின் சட்டையை ஹரிஸ் பார்க் இனிப்புக்கடை ஒன்று அடித்துக் கொடுத்திருந்தது. முதுகில் ஒரு லட்டு, அதன்கீழ் கடையின் தொலைபேசி இலக்கம். பிரான்சுக்கும் அதே சட்டைதான் வந்தது. ஆறு நாள், முந்நூற்றுப் பன்னிரண்டு கிலோமீற்றர். அந்த இலக்கம் எனக்கு இன்றும் பாடம்.

முன்னால் வருவதை அவர் கத்திச் சொல்லுவார்.

"ரோட்டில கிடங்கு!"

"வளைவு!"

"வசந்தி, பழைய கோயில் ஒண்டு, பாரும்!"

நான் எட்டிப் பார்த்தால் வண்டி ஒரு பக்கம் சாயும். "ஆடாதையும்!" என்பார். அதற்குள் கோயில் பின்னால் போயிருக்கும்.

பக்கவாட்டில் மட்டும் தடையில்லை. அந்தப் பள்ளத்தாக்கின் செலே சின்ன ஆறு. எங்கள் பக்கத்து வாய்க்கால்களுக்குக்கூட அதைவிட ஆரவாரம் உண்டு. போகும்போது ஒரு பக்கம் சுண்ணாம்புக்கல் மலை, மறுபக்கம் ஆறு, இடையில் வால்நட் மரங்கள். திரும்பும்போது பக்கங்கள் மாறின. கிராமங்களில் மதியம் எல்லாக் கடையும் பூட்டிவிடுவார்கள். ஒரு கிராமத்தில் பேக்கரிப் பாண் விற்கும் இயந்திரம் ஒன்று நின்றது. அந்த ஊரில் நாங்கள் சந்தித்த ஒரே ஆள் அதுதான்.

பாரிசில் இருக்கும் அவருடைய மச்சான் சிறிதரன் முப்பது வருடமாக அந்த நாட்டுக்காரர். நாங்கள் போகும் இடத்தின் பெயரை அவர் கேள்விப்பட்டதே இல்லை. "ஒரு தமிழ்க்கடை இல்லாத இடத்தில ஆறு நாளோ? உங்களுக்கென்ன விசரே?" என்று போனில் கேட்டார். பிறகு இரண்டு பார்சல் கொத்துரொட்டி கட்டித் தந்து ரயில் ஏற்றிவிட்டார்.

இந்த டாண்டம் எங்கள் வீட்டுக்கு வந்த கதையையும் சொல்ல வேண்டும். அந்த வருடம் ஜனவரியில் ஒரு நாள் யாரோ பாவித்த வண்டி ஒன்றை வாங்கிக் கொண்டுவந்து கராஜில் நிறுத்தினார்.

"தனிய ஓட அலுப்பாக் கிடக்கு. நீரும் வாரும்."

"எனக்குச் சைக்கிள் ஓடத் தெரியாதெண்டு உங்களுக்குத் தெரியும்தானே."

"தெரியத் தேவையில்லை. பின்னால சும்மா இருந்து இடத்தைப் பார்க்கலாம்."

முப்பத்திரண்டு வருடக் கலியாணத்தில் அவர் சொன்ன ஒன்றை நான் சொன்னபடியே செய்தது அந்த ஒருமுறைதான். சும்மா இருந்தேன். டாண்டத்தில் இரண்டு பேரின் பெடலையும் ஒரு செயின் பிணைத்திருக்கும். முன்னால் சுற்றினால் பின்னாலும் சுற்றும். பின்னால் இருப்பவர் பலம் கொடுக்கிறாரா, காலை வைத்துக்கொண்டு ஊர் பார்க்கிறாரா என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. பாரமட்டா பார்க்கைச் சுற்றிப் பழகிய நாட்களிலேயே இது எனக்குப் பிடிபட்டுவிட்டது. பிரான்சிலும் முதல் மூன்று நாள் அப்படித்தான். ஒரு மணித்தியாலத்துக்கு இரண்டு தரமாவது அவர் கேட்பார்.

"நீர் உழக்கிறீரோ?"

பெடல் மிதிப்பதை எங்கள் யாழ்ப்பாணத்தில் உழக்குவது என்போம்.

"ஓம், உழக்கிறன்."

"பின்ன ஏன் சீமெந்து மூட்டை ஏத்தின மாதிரிக் கிடக்கு?"

"அது உங்கட சிறிதரன் கட்டித் தந்த கொத்துரொட்டி."

நாலாம் நாள் ஆற்றைவிட்டு மலைமேல் இருக்கும் ஒரு கிராமத்துக்கு ஏறினோம். மூன்று கிலோமீற்றர் ஏற்றம். பாதிவழியில் என் காலுக்குத் திடீரென்று பாரம் வந்தது. அவருடைய கால்கள் சுற்றிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் அவற்றில் ஒன்றும் இல்லை. மூன்று நாளாக நான் செய்த வேலை என்றபடியால் உடனே அடையாளம் தெரிந்தது. முதுகின் லட்டு மூச்சோடு மேலும் கீழுமாக வேகமாக ஏறி இறங்கியது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. உழக்கினேன். அவரையும் வண்டியையும் என்னையும் ஐம்பத்தெட்டு வயதுக் கால்களால் மேலே கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

மேலே போனதும் ஒரு கல்லில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்.

"பரவாயில்லை, லேசான ஏத்தம்தான்" என்றார்.

"ஓம்" என்றேன்.

மிச்ச இரண்டு நாளும் நான்தான் உழக்கினேன். "உழக்கிறீரோ?" என்று அதற்குப் பிறகு அவர் ஒருதரமும் கேட்கவில்லை.

அது மே மாதம். ஜூலை முதலாம் திகதி, தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது, நெஞ்சில் ஒரு வால்வு சரியில்லையாம், டொக்டர் பார்த்துச் சொன்னவர், ஒக்டோபரில் ஒப்பரேஷன் என்றார். பல்லுப் பிடுங்கப் போகிறேன் என்பவரைப் போலச் சொன்னார். செப்டெம்பரில் ஒரு சனிக்கிழமை காலை, ஒரு கால் சப்பாத்தைப் போட்டுவிட்டு மற்றதற்குக் குனிந்தவர் நிமிரவில்லை. ஒப்பரேஷனுக்குப் பதின்மூன்று நாள் இருந்தது.

மெல்பேர்ணிலிருந்து ஓடிவந்த மகன் லதீஸ் ஆஸ்பத்திரியில் வைத்துக் கேட்டான்.

"அம்மா, முந்தி ஒண்டுமே நோட்டிஸ் பண்ணேல்லையா?"

"இல்லை" என்றேன்.

அதற்குப் பிறகு ஒரு வருடம் எனக்கு ஒரே கணக்கு. மலையில் வைத்தே நான் வாயைத் திறந்திருந்தால், திரும்பி வந்த கிழமையே டொக்டரிடம் போயிருப்பார். ஜூலைவரை காத்திருக்கத் தேவையில்லை. ஐந்து கிழமை, முப்பத்தைந்து நாள், முந்தியிருக்கும். எனக்குத் தேவைப்பட்டது பதின்மூன்று நாள்தான். பாத்திரம் கழுவும்போதும் கணக்கு, கோயிலில் சுற்றும்போதும் கணக்கு. எப்படிப் போட்டாலும் விடை மாறவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

முதலாம் வருட ஆட்டைத் திவசம் முடிந்த சனிக்கிழமை, சைக்கிள் குழுவினர் அவருடைய நினைவாக ஒரு ஓட்டம் வைத்தார்கள். அந்த டாண்டமும் வர வேண்டுமாம், பின் சீட்டில் நான் இருக்க வேண்டுமாம். முன்னால் நாகராஜன். கோயம்புத்தூர்க்காரர், வங்கியொன்றில் கம்பியூட்டர் வேலை, என் கணவருக்கு இந்தக் குழுவில் கிடைத்த நெருங்கிய சிநேகிதர். நல்ல மனிதர், தொண்ணூற்றைந்து கிலோ. அதே சட்டை. லட்டு இவருடைய முதுகில் இன்னும் பெரிதாகத் தெரிந்தது.

பாரமட்டா பார்க்கில் எல்லோரும் கோப்பிக்கு நின்றார்கள். நாகராஜன் என்னை ஒரு வாங்குப் பலகையில் இருத்திவிட்டு, தான் நின்றுகொண்டிருந்தார்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். ஒரு வருஷமா சொல்ல முடியல. திட்டாதீங்க."

"சொல்லுங்கோ. பிறகு யோசிப்பம்."

"அண்ணனுக்கு வால்வு பிரச்சினை ஜனவரியிலயே தெரியும். ஸ்பெஷலிஸ்ட் கிட்ட நான்தான் கார்ல கூட்டிட்டுப் போனேன். ஏப்ரல்லயே ஆபரேஷனுக்கு டேட் கொடுத்தாங்க. பிரான்ஸ் போயிட்டு வந்து பாத்துக்கலாம்னு இவரே தள்ளி வச்சார். உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டார்."

கோப்பி கையில் ஆறிக்கொண்டிருந்தது.

"போகலாமெண்டு டொக்டர் சொன்னவரோ?"

"வேண்டாம்னுதான் சொன்னார். கேக்கலைன்னதும், ஏத்தத்துல மட்டும் மிதிக்கவே கூடாதுன்னார். அதுக்குத்தானே இந்த வண்டியே வாங்கினார். ஏத்தத்துக்கு வசந்தி இருக்காள்னார்."

நான் டாண்டத்தைப் பார்த்தேன். அது மரத்தில் சாய்ந்துகொண்டு நின்றது.

"நான் மூண்டு நாள் உழக்கவே இல்லை, நாகராஜன்."

"அதையும் சொன்னார்." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு யாழ்ப்பாணத் தமிழுக்கு மாறினார். அவர் அதைப் பேசினால் வானொலி நாடகம் போல இருக்கும். "'மூண்டு நாள் மோட்டர் ஓஃப் ஐசே. நாலாம் நாள் தானாவே ஸ்டார்ட் வந்திட்டுது. அவளுக்கு விளங்கியிட்டுது. அவளும் கதைக்கேல்லை, நானும் கதைக்கேல்லை. நான் சும்மா இருந்து இடம் பார்த்தன். நல்ல வடிவான இடம்.' அப்படின்னார் அக்கா."

என் கணவர் உயிரோடு இருந்திருந்தால் அன்றைக்கு அவருக்குச் சமைத்திருக்கமாட்டேன். ஐந்து கிழமைக் கணக்கு அந்த வாங்கிலேயே முடிந்துவிட்டது. போகிற கையோடு வேறொன்றை வைத்துவிட்டுப் போனது. மணித்தியாலத்துக்கு இரண்டு தரம் அவர் கேட்டது பகிடி இல்லை. உண்மையாகவே கேட்டிருக்கிறார். நான் ஓம் ஓம் என்று வால்நட் மரம் பார்த்திருக்கிறேன். ஆனால் இது மூன்று நாள்தான். அதுவும் சமதரை. மற்றதைவிடச் சின்னது, சுமந்துகொண்டு நடமாடலாம்.

"திட்டுங்க அக்கா, பரவால்ல" என்றார் நாகராஜன்.

"கோப்பி ஆறிப்போச்சு. வேற ஒண்டு வாங்கித் தாங்கோ."

திரும்பும்போது நார்த்மீட் ஏற்றம். எல்லோரும் எங்களைத் தாண்டிப் போனார்கள். நான் உழக்கிக்கொண்டிருந்தேன். பாதியில் என் காலுக்குப் பாரம் வந்தது. முன்னால் கால்கள் சுற்றின, அவற்றில் ஒன்றும் இல்லை. லட்டு வேகமாக ஏறி இறங்கியது.

"நாகராஜன், நீங்கள் உழக்கேல்லை!" என்று கத்தினேன். பக்கத்தில் போன காரின் கண்ணாடி இறங்கியது. "நெஞ்சு நோகுதோ? நிப்பாட்டுங்கோ!"

"ஐயோ, இல்லக்கா!" அவர் திரும்பிப் பார்த்ததில் வண்டி வளைந்தது. "நீங்க நல்லா மிதிச்சீங்க. அதான் கொஞ்சம் சும்மா இருந்தேன்."

"திங்கட்கிழமை டொக்டரிட்டைப் போறீங்கள்."

"எனக்கு ஒண்ணுமில்லக்கா, சோம்பேறித்தனம்."

"அதை டொக்டர் எழுதித் தரட்டும். கடிதத்தைக் கொண்டுவந்து என்னட்டைக் காட்டுங்கோ. உங்கட மனிசி விமலாவுக்கும் இண்டைக்கே போன் பண்ணுறன்."

"விமலா கிட்ட வேண்டாம். போறேன், திங்கக்கிழமையே போறேன்."

"அப்ப மிதியுங்கோ."

மிதித்தார். காலில் பாரம் குறைந்தது. கொஞ்சத் தூரம் போனதும் முன்னாலிருந்து குரல் வந்தது.

"நீங்க மிதிக்கிறீங்களா அக்கா?"