பதினோராம் மாடியில் காயாத வேட்டி

அறையின் கூரையில் சின்னதாக ஒரு பித்தளைக் குமிழ் துருத்திக்கொண்டிருந்தது. நாற்காலியில் ஏறி, ஈர வேட்டியின் முனையை அதில் முடிச்சிட்டு, தாங்குமா என்று ஒரு சுண்டு சுண்டிப் பார்த்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த வேலைகளில் உடனே பலன் கொடுத்தது அது ஒன்றுதான்.

டப் என்று ஒரு சத்தம். அடுத்த நொடி கறுப்பாகத் தண்ணீர் கொட்டியது. தண்ணீர் என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறேன். பல வருஷமாகக் குழாய்க்குள்ளேயே குடியிருந்து, துருவோடு சம்பந்தம் பண்ணிக்கொண்ட ஏதோ ஒன்று. கட்டில் மேல், நான்கு தலையணைகள் மேல், இடுப்புத் துண்டோடு நாற்காலியில் நின்ற என் மேல், பாரபட்சமில்லாமல் பொழிந்தது. எங்கோ மணி அலறியது. ஒரு பெண்குரல், எல்லோரும் பதற்றமில்லாமல் வெளியேறும்படி ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டது. நானோ வேட்டியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, "நின்னுரு, நின்னுரு" என்று கூரையிடம் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

உத்தமபாளையத்தில் உரமும் பூச்சிமருந்தும் விற்கிற வேல்பாண்டிக்குச் சென்னையில் நட்சத்திர ஹோட்டலில் என்ன வேலை என்று கேட்கலாம். அந்த வருஷம் பனி அதிகம். திராட்சைக் கொடியெல்லாம் சாம்பல் நோய். ஒரு மருந்து என் கடையில் வைக்க வைக்கத் தீர்ந்தது. மருந்து கம்பெனிக்காரர்கள் பனியைக் கூப்பிட்டுப் பாராட்ட முடியாததால் என்னைக் கூப்பிட்டார்கள். இரண்டு நாள் தங்கல், ஒரு சால்வை, ஒரு சூட்கேஸ்.

முதல் நாள் சாயங்காலம் அறைக்குப் பழத்தட்டு கொண்டுவந்தது பவானி. கறுப்புக் கோட்டு, இறுக்கிக் கட்டிய கொண்டை, இருபத்துமூன்று வயதிருக்கும். இங்கிலீஷில் ஏதோ நீளமாக வரவேற்றாள்.

"இங்கன வச்சிட்டுப் போத்தா" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தாள். "சார் தேனிப் பக்கமா?"

"உத்தமபாளையம். நீயி?"

"கடமலைக்குண்டு."

"அட, நம்ம ஊருப் புள்ள!"

"மெதுவாப் பேசுங்க சார்" என்று கதவைப் பார்த்தாள். "விருந்தாளிககிட்ட ஊர்க்கதை பேசக்கூடாதும்பாக. இன்னும் ரெண்டே மாசம். பயிற்சி முடிஞ்சா நிரந்தரமாக்கிருவாக. அதுவரைக்கும் நான் நல்ல பிள்ளை."

பிறகு தட்டைக் காட்டி, "திராட்சை சாப்பிடுங்க சார்" என்றாள்.

"எந்த மருந்து, எத்தனை தடவை அடிச்சிருக்காகன்னு எனக்குப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சுத்தா. வாழைப்பழம் மட்டும் போதும்."

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். துணி காயப்போடக் கொடி எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அலமாரியில் பை இருக்கிறது, அதில் போட்டால் துவைத்துத் தருவார்கள் என்றாள். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் என் வேட்டியை இருபத்தாறு வருஷமாக நானேதான் துவைக்கிறேன். கல்யாணமான மறுவாரம் ஜோதிலட்சுமி போட்ட சட்டம் அது. வீட்டில் பெண்டாட்டியே துவைக்காத வேட்டியை, ஊரான் ஊரில் ஒரு ஹோட்டல்காரன் துவைப்பதாவது?

மறுநாள் காலை குளித்தேன், துவைத்தேன், கொடி தேடினேன், குமிழைக் கண்டேன். மீதிதான் மேலே சொன்னது.

மேனேஜர் சசிதரன் ஐந்தே நிமிடத்தில் வந்துவிட்டார். பளபளப்பான அவருடைய ஷூ, வாசலிலேயே கணுக்கால் வரை முழுகியது. முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

"வெரி சாரி சார். உங்களுக்கு ரொம்பச் சிரமம் குடுத்துட்டோம்."

"நீங்க எங்கங்க குடுத்தீங்க? நான்தான் வேட்டியக் கட்டினேன்."

"எங்க சிஸ்டத்துல ஏதோ சின்னப் பிரச்சினை சார்."

"இல்லீங்க, மேல பாருங்க."

மேலே பார்த்தார். வேட்டி இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. மரியாதையாகப் பார்வையைக் கீழே இறக்கிக்கொண்டார். ஒரு மனிதனின் குற்றத்தை அவ்வளவு நாகரிகமாகப் பார்க்காமல் இருந்த ஆளை நான் அதற்குமுன் கண்டதில்லை.

"ஒரே ஒரு விஷயம் சார். மேஜை மேல ஒரு கார்டு இருந்திருக்கணும். இதுல எதையும் தொங்கவிடக் கூடாதுன்னு. ரூம் பொண்ணு வைக்கலையோ?"

"கார்டா? நான் ஒண்ணும் பாக்கலையே" என்றேன், நனைந்த துண்டைப் பிடித்தபடி. சத்தியமாக அதை உண்மை என்று நினைத்துத்தான் சொன்னேன்.

அவருக்குப் பின்னால் பவானி துடைப்பானோடு நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டாள்.

என்னைப் பதினான்காவது மாடியில் இன்னும் பெரிய அறைக்கு மாற்றினார்கள். பழைய அறையில் கட்டில் இருந்தது. இங்கே கட்டிலுக்குப் போக வழி கேட்க வேண்டியிருந்தது. சாயங்காலம் ஒரு கேக் வந்தது. மேலே சாக்லேட்டில் 'சாரி' என்று எழுதியிருந்தது. குற்றவாளியிடம் மன்னிப்புக் கேட்ட அந்தக் கேக்கை வெட்கத்தோடுதான் சாப்பிட்டேன், ஆனால் முழுவதும் சாப்பிட்டேன். கொண்டுவந்தவன் வேறொரு பையன். "பவானி எங்கப்பா?" என்றேன். "உங்களுக்கு வேற ஏதாவது தேவையா சார்?" என்றான்.

கிளம்பும்போது கருத்துப் படிவம் ஒன்று நீட்டினார்கள். உண்மையாக நிரப்பினேன். படுக்கை: மெத்தென்று இருக்கிறது, எழுந்திருக்க ஆள் வேண்டும். தண்ணீர் வசதி: மிக நன்று, மேலிருந்தும் வருகிறது. தவறு: என்னுடையது. அதை வாங்கிப் படித்த பெண், "உங்கள் பாராட்டுக்கு மிக்க நன்றி" என்றாள்.

மதுரையில் ரயிலிறங்கித் தேனி பஸ் பிடித்தேன். ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டும்போது கண்டக்டர் டிக்கெட்டைக் காட்டச் சொன்னார். சட்டைப்பைக்குள் விரலை விட்டேன். டிக்கெட்டோடு ஒரு கெட்டி அட்டையும் வந்தது. உள்ளங்கை அளவு. ஹேங்கர் படம், அதன் மேல் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு.

அப்போதுதான் எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. மேஜை மேல் அது இருந்தது. ஹேங்கர் கைவசம் இல்லை, மன்னிக்கவும் என்று அர்த்தம் பண்ணிக்கொண்டேன். மூலை நல்ல கூராக இருந்ததால் அதை வைத்துப் பல் குத்தினேன். குப்பைத்தொட்டியாக இருக்குமோ என்று நான் சந்தேகப்பட்ட பாத்திரம், எங்கள் வீட்டுக் குத்துவிளக்கைவிடப் பளபளப்பாக இருந்தது. அதில் போட மனசு வராமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

"அண்ணே, டிக்கெட்டக் கேட்டேன்" என்றார் கண்டக்டர். நான் அட்டையை நீட்டிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து ஜோதிலட்சுமியிடம் முழுவதையும் சொன்னேன்.

"ஏங்க, காயப்போட எடமில்லன்னா ஈரத்தோட மடிச்சுக் கொண்டாறது. தீயணைக்கிற குழாயிலயா தொங்கவிடுவாக?"

"அது தீயணைக்கிற குழாய்னு யாரு கண்டா?"

"அட்டை கண்டுச்சு. அதத்தான் நீங்க பல்லுக்குக் குடுத்துட்டீகளே." பிறகு, "அந்தப் புள்ள வேலை இருக்கா, போச்சா? மொதல்ல அதக் கேளுங்க" என்றாள்.

கேட்டேன். நான்கு நாள் கேட்டேன். போனை எடுத்தவர்கள் எல்லோரும் தேனில் ஊறப்போட்ட குரலில் பேசினார்கள். "கண்டிப்பாக் கவனிக்கிறோம் சார்." "சம்பந்தப்பட்டவங்களுக்குத் தெரியப்படுத்துறோம் சார்." பவானி வேலையில் இருக்கிறாளா என்றால், "இந்த நாள் உங்களுக்கு இனிய நாளாகட்டும் சார்." அட்டையைப் படம் எடுத்து ஜோதிலட்சுமி மெயில் அனுப்பினாள். அடுத்தமுறை தங்கும்போது பழக்கூடை இலவசம் என்று பதில் வந்தது. இவர்களிடம் உயிர் இருக்கிறதா என்று கேட்டாலும் விசாரித்துச் சொல்கிறோம் என்பார்கள்.

"கடமலைக்குண்டு என்ன கடல்தாண்டியா இருக்கு?" என்றாள் ஜோதிலட்சுமி ஐந்தாம் நாள் காலையில். "நேர்ல போயி அவுக வீட்டுல கேளுங்க. கடைய நான் பாத்துக்கிறேன். போறப்ப அந்த அட்டைய மறந்துறாதீக. பஸ்ல வேற பல்லு எதுவும் குத்தாம போங்க."

கடமலைக்குண்டில் இறங்கி, எதிர்த்த டீக்கடையில் விசாரித்தேன். "சென்னையில ஹோட்டல் வேலை பாக்குற பவானி வீடு எங்கன இருக்கு?"

டீ ஆற்றியவர் கையை நிறுத்தினார். "வேலைய விட்டு அனுப்பிச்சு, ஊருக்கு வந்திருக்கே, அந்தப் புள்ளையா? ரேஷன் கடைக்குப் பின்னாடி."

டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் நடந்தேன்.

வீட்டு முற்றத்தில் இலவங்காய் மலைபோலக் குவிந்திருந்தது. பவானியும் அவள் அம்மா கருத்தம்மாளும் உட்கார்ந்து, காயை உடைத்துப் பஞ்செடுத்துக்கொண்டிருந்தார்கள். கோட்டு இல்லை, கொண்டை இல்லை. தலையெல்லாம் பஞ்சு. என்னைப் பார்த்ததும் எழுந்து, பழக்கதோஷத்தில் கைகளைக் கட்டி நின்றாள். "வெல்கம் சார்" என்று வாயில் வந்துவிட்டது. உடனே உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"யாருத்தா இது?" என்றார் கருத்தம்மாள்.

"வேட்டிக்காரரும்மா."

"ஓகோ, இவுகதானா?" அந்த அம்மா என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். வேட்டியில் வரும்போது பார்வை கொஞ்சம் நின்றது. "உக்காருங்கண்ணே. காப்பி குடிக்கிறீகளா?"

"வேண்டாந்த்தா. மொதல்ல இத வாங்கிக்க" என்று அட்டையைப் பவானியிடம் நீட்டினேன். "மேஜை மேலதான் இருந்துச்சு. நான்தான் பல்லு குத்த எடுத்தேன்."

"தெரியும் சார்."

"தெரியுமா?"

"பழத்தட்ட எடுக்க வந்தப்ப நீங்க குத்திக்கிட்டிருந்தீக. விருந்தாளிகிட்டயிருந்து எப்படிப் பிடுங்குறது? அப்புறம் வேற கார்டு வச்சிரலாம்னு நினைச்சேன். அதுக்குள்ள நீங்க குளிச்சிட்டீக."

"அப்ப அந்த மேனேஜர்கிட்ட அங்கனயே சொல்லியிருக்கலாம்ல?"

பவானி ஒரு காயை உடைத்தாள். "அங்கன விருந்தாளி தப்பே பண்ண மாட்டாரு சார். அதுதான் மொதப் பாடம். ஆனா தண்ணி கொட்டிருச்சே. தப்புன்னு ஒண்ணு நடந்துருச்சுல்ல, அத யாராச்சும் பண்ணியிருக்கணும்ல? பதினஞ்சு நாள் வீட்டுல இரு, விசாரிச்சுட்டுச் சொல்றோம்னு அனுப்பிட்டாக."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். நான் உண்மையைச் சொல்லச் சொல்ல, அவர்கள் அதை மடித்து, இஸ்திரி போட்டு, இந்தப் பிள்ளையின் கணக்கில் வைத்திருக்கிறார்கள்.

என் பையில் கடை லெட்டர்பேடும் ரப்பர் ஸ்டாம்பும் கொண்டுபோயிருந்தேன். எழுதிக் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தித் தரலாம் என்று யோசனை. எடுத்து வைத்தேன்.

"லெட்டரு போட்டா அதுக்கும் கேக்குதான் அனுப்புவாக" என்றாள் பவானி. அன்றைக்கு முதல் தடவையாக அவள் முகத்தில் லேசாகச் சிரிப்பு. "வீடியோவுல சொல்லுங்க. மேனேஜர் நம்பர் என்கிட்ட இருக்கு. மழுப்பாமச் சொல்லணும்."

இலவங்காய்க் குவியலுக்கு முன்னால் என்னை உட்கார வைத்தாள். ஒரு கையில் அட்டை, இன்னொரு கையில் ரப்பர் ஸ்டாம்ப். ஸ்டாம்ப் எதற்கு என்று எனக்கே தெரியாது.

"வணக்கம். நான் வேல்பாண்டி. உங்க ஹோட்டல்ல..."

"மீசையில பஞ்சு" என்றார் கருத்தம்மாள். "துடைச்சிட்டு மறுபடியும் சொல்லுங்க."

"வணக்கம். நான் வேல்பாண்டி. ஒரு சின்ன அசம்பாவிதம் நடந்ததுல..."

"அசம்பாவிதம்னா என்னண்ணே? நீங்க பண்ணதச் சொல்லுங்க. வேட்டி, குழாய், பல்லு. மூணும் வரணும்."

நாலாவது தடவை மூன்றும் வந்தன. நான் சாட்சி சொன்னதை நானே கேட்டேன்: அட்டை மேஜை மேல் இருந்தது, எடுத்தது நான், பார்க்கவில்லை என்று சொன்னது தவறு, கட்டியது நான், இழுத்ததும் நான், பவானி மேல் எந்தத் தப்பும் இல்லை. பவானி அனுப்பிவிட்டுப் போனை அம்மி மேல் வைத்தாள். மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு காய் உடைத்தோம். எனக்கும் ஒரு கூடை கொடுத்துவிட்டார் கருத்தம்மாள். ஓட்டைப் பிரித்து, பஞ்சைக் கிழியாமல் எடுக்க வேண்டும். நான் எடுத்தது பாதி காற்றில் போயிற்று.

"உங்க கடையில எப்படிண்ணே வியாபாரம் ஓடுது?" என்றார் அவர் கவலையாக.

"சார், குளியலறையில சுவத்துல ஒரு எவர்சில்வர் பொத்தான் மாதிரி இருந்துச்சுல்ல?" என்றாள் பவானி திடீரென்று.

"ஆமா. அழைப்பு மணின்னு நினைச்சுத் தொடல."

"அத இழுத்தா கொடி வரும் சார். துணி காயப்போட."

நான் கூடையிலிருந்து அடுத்த காயை எடுத்து உடைத்தேன்.

போன் அடித்தது. சசிதரன். பவானி கையைத் துணியில் துடைத்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

"மிஸ்டர் வேல்பாண்டி, வணக்கம் சார். வீடியோ பார்த்தோம். நீங்க இவ்வளவு சிரமப்பட்டதுக்கு எங்க நிர்வாகம் சார்பா..."

"சசிதரன் சார்" என்றேன். "கேக்கு வேணாம், பழக்கூடை வேணாம், நன்றி வேணாம். உங்க கோட்டக் கழட்டி வச்சிட்டு ஒரே ஒரு பதில் சொல்லுங்க. தப்பு யாரோடது?"

கருத்தம்மாள் கையில் பாதி உடைந்த காய் அப்படியே நின்றது. அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்துகிற ஓசை கேட்டது. பிறகு பெருமூச்சு. அந்தப் பெருமூச்சில் ஷூவுக்குள் புகுந்த தண்ணீர்கூட இருந்தது.

"உங்களோடதுதான்யா. முழுக்க உங்களோடதுதான். ஈர வேட்டிய எவனாவது கூரையில கட்டுவானா? மூணு ரூம் கார்ப்பெட்டுல இன்னும் நாத்தம் போகல. பவானி திங்கக்கிழமை டியூட்டிக்கு வரட்டும். நீங்க தயவுசெஞ்சு வந்துறாதீங்க."