பரவாயில்லை சார் மணியைப் பிடித்த கதை

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அந்த வீட்டில் வாய் மொத்தமும் அம்மாவிடம் இருந்தது. அப்பாவிடம் இருந்தது ஒரே ஒரு சொல்: "பரவாயில்லை." காலை மிதித்தவரிடமும் அதைத்தான் சொல்வார், ஆறிப்போன காபியைக் கொண்டுவந்து வைத்தவரிடமும் அதைத்தான் சொல்வார். அவர் வேலை பார்க்கும் நூலகத்தில் அவருக்குப் பெயரே 'பரவாயில்லை சார்'.

அன்று பார்த்து அம்மாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அன்று பார்த்துக் காரும் மறுபடி நின்றது.

மகள்தான் ஓட்டினாள். சிக்னலில் நிறுத்தியதும் இன்ஜின் லேசாக இருமி அணைந்துபோனது. பின்னால் ஒரே ஹார்ன் சத்தம். போன வாரம்தான் இதே வியாதிக்கு ஒரு ஒர்க் ஷாப்பில் இன்ஜினின் பெட்ரோல் பம்பை மாற்றிக் கையிருப்பையெல்லாம் துடைத்துக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்கள். மறுநாள் காலை அவளுக்கு லைசென்ஸ் டெஸ்ட், அதுவும் இந்தக் காரில். ஏற்கெனவே இரண்டு தடவை கோட்டை விட்டவள். லைசென்ஸோடு வந்தால் வேலை என்று ஒரு மருந்துக் கம்பெனி சொல்லி வைத்திருந்தது.

"நாளைக்கும் இப்படி நின்னா அவ்ளோதான்ப்பா," என்றாள். உதடு துடித்தது.

அப்பா அந்த உதட்டைப் பார்த்தார். "மறுபடி ஸ்டார்ட் பண்ணி அந்த ஒர்க் ஷாப்புக்கே விடும்மா," என்றார். பின் சீட்டில் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

ஒர்க் ஷாப் முதலாளி வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். விஷயத்தைக் கேட்டதும் பல் உள்ளே போய்விட்டது.

"பம்ப் புதுசு சார், அதுல குறையே இல்ல. இது வேற ஏதோ. விட்டுட்டுப் போங்க, அடுத்த வாரம் பார்க்கலாம்."

"பம்ப்ல குறை இல்லன்னா அதை ஏன் மாத்தினீங்க?"

கேட்ட பிறகுதான் தானே கேட்டோம் என்பது அப்பாவுக்கு உறைத்தது. கேட்டது நன்றாகவும் இருந்தது.

"பணத்தைத் திருப்பிக் குடுங்க. எதிர் மெக்கானிக் கடையில இன்னிக்கே சரி பண்ணித் தர்றதா போர்டு வெச்சிருக்காங்க."

முதலாளி சிரித்தபடி சுவரைக் காட்டினார். அந்த ஒர்க் ஷாப்பில் ஒரு பழக்கம் உண்டு. வண்டியை எடுத்துப் போகிறவர் திருப்தி என்றால் வாசலில் தொங்கும் பித்தளை மணியை அடிக்க வேண்டும். மெக்கானிக்குகள் கை தட்டுவார்கள், போட்டோ எடுத்துச் சுவரில் மாட்டுவார்கள். அங்கே அப்பாவும் மணிக்கயிறும் கையுமாக இளித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கே ஸ்டார்ட் செய்தபோது வண்டி ஒரு தடவை இருமத்தான் செய்தது. ஆனால் அத்தனை பேர் கை தட்டத் தயாராக நிற்கும்போது எப்படி அடிக்காமல் வருவது? பரவாயில்லை என்று அடித்துவிட்டார், புண்ணியவான்.

"திருப்தின்னு நீங்களே மணி அடிச்சீங்களே சார். அப்புறம் பணம் கேட்டா எப்படி?"

அம்மா வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

அப்பா விறுவிறுவென்று வாசலுக்குப் போய் மணிக்குள் கையை விட்டு அதன் நாக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மகளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

அந்நேரம் ஒரு நர்ஸ் ரிப்பேர் முடிந்த தன் காரின் சாவியை வாங்கிக்கொண்டு மணி அடிக்க வந்தார். "கொஞ்சம் தள்ளுங்க சார்."

"தாராளமா அடிங்கம்மா," என்றார் அப்பா நூலகக் குரலில். "ஆனா முதல்ல ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துட்டு வந்து அடிங்க. நான் ஓட்டாம அடிச்சவன்."

நர்ஸ் அவரையும் சுவரில் இருந்த போட்டோவையும் மாறி மாறிப் பார்த்தார். நேராகப் போய்க் காரை எடுத்தார். அடுத்து வந்த பெயிண்டரிடமும் அப்பா அதையே சொன்னார். அவரும் தன் வேனோடு கிளம்பினார். முதலாளிக்கு வேர்த்தது.

"சார், கையை எடுங்க. வியாபார நேரம்."

"பணம் வரட்டும், எடுக்கிறேன்."

நர்ஸ் போன வேகத்தில் திரும்பி வந்தார். "பிரேக் இன்னும் கிறீச்சுங்குதே! இதுக்கா மணி அடிக்கச் சொன்னீங்க?" பின்னாலேயே பெயிண்டர். வேனின் கதவுக் கைப்பிடி அவர் கையில் இருந்தது. மகளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அம்மா சத்தமில்லாமல் குதித்தாள்.

முதலாளி கல்லாப்பெட்டியைத் திறந்தார். பம்புக்கு வாங்கியது, கூலிக்கு வாங்கியது, எல்லாம் அப்பாவின் சட்டைப்பைக்கு வந்து சேர்ந்தது. "தப்பு எங்க மேலதான். மன்னிச்சுக்குங்க சார்," என்றார் முதலாளி.

அம்மாவுக்கும் மகளுக்கும் பக்கென்றது. இந்த மனுஷன் அந்த ஒரு சொல்லைச் சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் கொடுத்துவிடுவார். அது அவர் தொண்டை வரை வந்தது அவர்களுக்கே தெரிந்தது.

"சரி," என்றார் அப்பா.

கையை எடுத்தார். மணி தானாகவே கணீரென்றது. மெக்கானிக்குகள் பழக்க தோஷத்தில் கை தட்டினார்கள். முதலாளி முறைத்ததும் தலைமுடியைக் கோதிக்கொண்டார்கள்.

கார் வாசலைத் தாண்டும்போது வழக்கம்போல இருமி நின்றது. வேறு வழியில்லாமல் அதே மெக்கானிக்குகளே எதிர்க் கடை வரை தள்ளிக்கொண்டு போனார்கள். "தள்ளுங்கப்பா, நல்லாத் தள்ளுங்க!" என்று கரகரத்த குரல் பின் சீட்டிலிருந்து கிளம்பியது. அம்மாவுக்குக் குரல் வந்துவிட்டது.

மகள் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். திடீரென்று சிரிப்பு நின்றது.

"அப்பா, வண்டி சரியாகி, நாளைக்கு நானே தப்புப் பண்ணிட்டா?"

அப்பா அவள் தலையில் கை வைத்தார். மணியைப் பிடித்த கை, இன்னும் பித்தளை வாசனை போகவில்லை.

"பரவாயில்லை," என்றார்.